மைதானங்களின் கதை – 17: கடைசி 42 நொடிகள்

சென்ற அத்தியாயத்தை 1905 அக்டோபரில், வெள்ளை மாளிகையின் பகல் விருந்தோடு நிறுத்தியிருந்தோம். அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் இளைஞர்கள் மிதிபட்டும் கழுத்து முறிந்தும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆட்டப் பொறுப்பாளர்களைக் கூப்பிட்டு, ஃபுட்பாலைத் திருத்துங்கள் என்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டார். அதையடுத்து எழுந்த யோசனைகளில் ஒன்று, மைதானத்தை 40 அடி அகலப்படுத்துவது. இடம் கூடினால் நெரிசல் குறையும், உயிர்ச்சேதமும் குறையும் என்பது கணக்கு. ஆனால் ஹார்வர்ட் அப்போதுதான், 1903-ல், குதிரை லாட வடிவத்தில் ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் அரங்கைக் கட்டி முடித்திருந்தது. அதன் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே 40 அடியைத் திணிக்க வழியே கிடையாது. அகலப்படுத்தும் யோசனை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, பந்தை முன்னோக்கி வீசலாம் என்ற விதி 1906-ல் வந்தது. இன்று அமெரிக்க ஃபுட்பால் என்றதும் கண்முன் வரும் அந்த நீண்ட வீச்சு, பாதி ஒரு கான்கிரீட் கட்டடத்தின் பிடிவாதத்தால் பிறந்தது.

அதே அரங்கில், அதே விதி 62 ஆண்டுகள் கழித்து என்ன செய்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

நாள் 1968 நவம்பர் 23, சனிக்கிழமை. இடம், பாஸ்டனில் சார்லஸ் ஆற்றின் தென்கரை. ஹார்வர்டும் யேலும் முதன்முதலில் மோதியது 1875-ல். அதிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டு கல்லூரிகளும் மோதும் ஆட்டத்துக்கு அங்கே தனிப்பெயர் தேவைப்படவில்லை. ‘அந்த ஆட்டம்’ என்றாலே போதும். சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து சேர்த்த செல்வத்தில் ஒரு பகுதியை அனுப்பிவைத்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒரு பக்கம். அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரி மறுபக்கம். ஐவி லீக் எனப்படும் எட்டுக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் இரண்டும் உறுப்பினர்கள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுத்து யாரையும் சேர்ப்பதில்லை என்பது இந்தக் கூட்டமைப்பின் கட்டுப்பாடு; பருவம் முடிந்த பிறகு வேறு கோப்பைகளுக்கு ஃபுட்பால் அணியை அனுப்புவதில்லை என்பதும் 2024 வரை கட்டுப்பாடாக இருந்தது. ஆகவே அன்று இந்த ஆட்டம்தான் இரு அணிகளுக்கும் ஆண்டின் கடைசி ஆட்டம். இதற்கு மேல் ஒரு மேடை இல்லை. நான்காம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே கடைசி ஆட்டமும் இதுதான்.

1968-ல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு அணிகளும் எட்டுக்கு எட்டு வென்று வந்திருந்தன. தோல்வியே இல்லாத இரண்டு அணிகளாக இவை சந்திப்பது 1909-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அதற்காக இரண்டும் சமபலம் என்று யாரும் நினைத்துவிடவில்லை. யேல் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றிருந்தது. நாட்டின் முதல் இருபது அணிகளின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஐவி லீக் அணி ஒன்றுக்கு அது அரிய மரியாதை. அதன் தலைவர் பிரையன் டௌலிங், குவார்ட்டர்பேக். அதாவது ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, வீசுவதா, அடுத்தவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று தீர்மானிப்பவர். பள்ளிக்காலம் தொட்டு அவர் தொடங்கி முடித்த எந்த ஆட்டத்திலும் அவருடைய அணி தோற்றதில்லை. யேல் மாணவர்களுக்கு அவர் கிட்டத்தட்டக் காவிய நாயகன். அந்த ஆண்டு செப்டம்பரில் யேல் மாணவர் நாளிதழில் கேரி ட்ரூடோ என்ற மாணவர் ஒரு கார்ட்டூன் தொடரைத் தொடங்கியிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவே கழற்றாத ‘பி.டி.’ என்ற பாத்திரம், டௌலிங்கை வைத்து வரைந்ததுதான். இரண்டு ஆண்டுகளில் அந்தத் தொடர் ‘டூன்ஸ்பரி’ என்ற பெயரில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. 1975-ல் புலிட்சர் பரிசும் வாங்கியது.

டௌலிங்குக்குத் துணையாகக் கால்வின் ஹில். உயரமும் உடல்வலுவும் வேகமும் ஒருசேர அமைந்த ஓட்டக்காரர். பால்டிமோரிலிருந்து வந்த கறுப்பின மாணவர். அடுத்த ஆண்டு தொழில்முறை அணியான டல்லஸ் கௌபாய்ஸ் முதல் சுற்றிலேயே இவரைத் தேர்ந்தெடுத்தது.

ஹார்வர்டில் இப்படிச் சொல்ல நட்சத்திரங்கள் இல்லை. தலைவர் விக் கேட்டோ, குள்ளமான ஓட்டக்காரர். முன்வரிசையில் டெக்சஸ்காரரான டாமி லீ ஜோன்ஸ். ஆம், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய அதே நடிகர். அவருடைய அறைத்தோழர், பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான ஆல் கோர். இவையெல்லாம் பின்னால் வந்த புகழ். அன்றைக்கு அவர் எதிரணியைத் தோளால் முட்டித் தள்ளும் ‘கார்டு’ மட்டுமே.

அந்த ஆண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. அந்தக் கென்னடி ஹார்வர்ட் அணிக்காக ஆடியவர். 1947-ல் யேலுக்கு எதிரான ஆட்டத்தில், காலில் அடிபட்டிருந்த நிலையிலும் கடைசி நிமிடங்களில் மைதானத்தில் இறங்கியவர். வியட்நாம் போர் எரிந்துகொண்டிருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பதினெட்டு நாள் முன்புதான் நிக்ஸன் அதிபராகத் தேர்வானார். கல்லூரி வளாகங்களில் போர் எதிர்ப்பு ஊர்வலங்கள். ஹார்வர்ட் தடுப்பாட்டத்தில் பேட் கான்வே என்று ஒருவர் இருந்தார். கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, அந்த ஆண்டின் தொடக்கத்தில் வியட்நாமில் கே சான் முற்றுகைக்குள் இருந்தவர். திரும்பிவந்து படிப்பையும் ஆட்டத்தையும் தொடர்ந்தார். அதே அணியில் போரைத் தீவிரமாக எதிர்த்த மாணவர்களும் இருந்தார்கள். வளாகத்தில் ஒருவரையொருவர் முறைத்திருக்கக்கூடிய இவர்கள் சனிக்கிழமை மதியங்களில் ஒரே கூட்டில் தோள் சேர்த்து நின்றார்கள். நாடே இரண்டாகப் பிளந்து கிடந்த ஆண்டில் இது சாதாரண விஷயம் இல்லை. அன்றைய ஆட்டத்தை இன்றும் அவர்கள் விடாமல் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

நம் வாசகர்களுக்காக ஆட்டத்தின் கணக்கு: பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. எதிரணியின் எல்லைக்கு அப்பாலுள்ள ‘எண்ட் ஸோன்’ பகுதிக்குள் பந்தைச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. டச்டவுன் போட்டதும் ஒரு கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். பந்தைக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் 1. உதைக்காமல், ஒரே முயற்சியில் மீண்டும் எண்ட் ஸோனுக்குள் கொண்டு சேர்த்தால் 2. இந்த இரண்டு புள்ளி ஏற்பாடு கல்லூரி ஆட்டத்துக்கு 1958-ல்தான் வந்தது. நம் கதையில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி எடுத்த அணி அடுத்து பந்தை எதிரணியை நோக்கி உதைத்துத் தர வேண்டும். அந்த உதை 10 யார்டு தூரம் போய்விட்டால் அதன்பின் பந்து யார் கைக்கு வருகிறதோ அவருக்கே சொந்தம். இதுவும் நினைவில் இருக்கட்டும்.

ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டௌலிங் தானே ஓடி ஒரு டச்டவுன். ஹில்லுக்கு வீசி ஒன்று. டெல் மார்ட்டிங்குக்கு வீசி இன்னொன்று. கூடுதல் இரண்டு புள்ளியும் அவருக்கே வீசி எடுத்தார். இரண்டாம் கால்பகுதியில் 22-0. சுமார் 40,000 பேர் நிறைந்த அரங்கில் யேல்காரர்கள் அமர்ந்திருந்த பகுதி கொண்டாட்டத்தில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹார்வர்ட் பயிற்சியாளர் ஜான் யோவிசின் ஒரு முடிவெடுத்தார். பருவம் முழுக்க ஆடிவந்த குவார்ட்டர்பேக் ஜார்ஜ் லாலிச்சை உட்காரவைத்துவிட்டு, ஃபிராங்க் சாம்பி என்ற மூன்றாம் ஆண்டு மாணவரை அனுப்பினார். பக்கத்து ஊரான எவரெட்டைச் சேர்ந்தவர். ஈட்டி எறிபவர். கூச்ச சுபாவி. அந்தப் பருவத்தில் அவர் மைதானத்தில் நின்ற நேரமே சொற்பம். எதிரே டௌலிங். அங்கே கூடியிருந்த கூட்டத்தில் சாம்பியைப் பார்க்க வந்தவர் என்று, அவர் வீட்டாரைத் தவிர, ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இடைவேளைக்குச் சற்று முன் சாம்பி, புரூஸ் ஃப்ரீமனுக்கு வீசி ஒரு டச்டவுன் எடுத்தார். கூடுதல் புள்ளிக்கான உதை வீணானது. 22-6. மூன்றாம் கால்பகுதியில், உதைத்து அனுப்பிய பந்தை யேல் பிடிக்கத் தவற, ஹார்வர்ட் அதைக் கைப்பற்றியது; கஸ் கிரிம் முட்டிக்கொண்டு உள்ளே போனார். 22-13. நான்காம் கால்பகுதியில் டௌலிங் மறுபடி தானே ஓடி 29-13 ஆக்கினார். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். யேல் பக்கக் கேலரியில் வெள்ளைக் கைக்குட்டைகள் அசையத் தொடங்கின. எதிர்ப்பக்கத்தைக் கை காட்டி, நீங்கள் இரண்டாம் இடம் என்று பாட்டாகவே கூவினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யேல் அன்று பந்தைக் கைநழுவவிட்டு எதிரணியிடம் இழந்தது மொத்தம் ஆறு முறை. ஒரு அணி ஆறு முறை பந்தைப் பறிகொடுத்துவிட்டும் 16 புள்ளி முன்னணியில் நிற்கிறது என்றால் அது எவ்வளவு வலிமையான அணி என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த வலிமைதான் கசிவை மறைத்துக்கொண்டிருந்தது. இந்த ஆட்டத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘அற்புதம்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசி 42 நொடிகளில் நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு விதி இருக்கிறது, அதற்கு முன் நடந்த ஒரு பிழை இருக்கிறது.

ஆறாவது நழுவல் வந்தபோது கடிகாரத்தில் மிச்சம் 3 நிமிடம் 34 நொடி. யேல் ஹார்வர்டின் 14 யார்டு கோடு வரை வந்துவிட்டது. இன்னொரு டச்டவுன் போட்டிருந்தால் இந்த அத்தியாயமே எழுதப்பட்டிருக்காது. சிறிய வீச்சு ஒன்றைப் பிடித்து ஓடிய பாப் லெவின் அடிபட்டு விழும்போது பந்து கையை விட்டுப் போனது. ஹார்வர்ட் அதன்மேல் விழுந்தது.

இனி 86 யார்டு போக வேண்டும். சாம்பி மெல்ல மெல்ல முன்னேறினார். யேல் எல்லையை நெருங்கும் நேரத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சாம்பி வீச இடம் தேடிப் பின்வாங்குகிறார். யேல்காரர்கள் மேலே பாய்கிறார்கள். விழுந்துகொண்டே பந்தைப் பக்கத்தில் கிரிமுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். பந்து யார் கையிலும் சேராமல் தரையில் உருளுகிறது. அப்போது அதைக் குனிந்து எடுத்தவர் ஃபிரிட்ஸ் ரீட். இவர் முன்வரிசைத் தள்ளுகாரர். இவருடைய வேலையில் பந்தைத் தொடுவதே கிடையாது; ஒரு பருவம் முழுக்க ஆடினாலும் பந்து இவர் கைக்கு வராது. எடுத்தவர் ஓடினார். யேல்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏறத்தாழ 15 யார்டு கோட்டுக்குப் போய்விட்டார். நாசமாகியிருக்க வேண்டிய முயற்சி, அன்றைய மிக முக்கியமான முன்னேற்றமாக மாறியது. அடுத்து சாம்பி ஃப்ரீமனுக்கு வீசினார். டச்டவுன். 29-19. கடிகாரத்தில் 42 நொடி.

கூடுதல் இரண்டு புள்ளிக்கு சாம்பி வீசியது பீட் வார்னியைப் போய்ச் சேரவில்லை. அத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால் பந்து வரும்போது பிடிப்பவரை யேல் தடுத்ததாக நடுவர் கொடியை எறிந்தார். மறு வாய்ப்பு. இந்த முறை கிரிம் நேராக முட்டி உள்ளே போனார். 29-21.

மிச்சம் எட்டுப் புள்ளி. ஒரு டச்டவுனும் கூடுதல் இரண்டும் சேர்ந்தால் சரியாக எட்டு. 1958-க்கு முந்தைய விதியாக இருந்தால் இந்தக் கணக்கே இல்லை. அரங்கு அப்போதே கலையத் தொடங்கியிருக்கும்.

இப்போது ஹார்வர்ட் பந்தை உதைத்துத் தர வேண்டும். தூரமாக உதைத்தால் யேல் அதை எடுத்து நேரத்தைக் கடத்திவிடும். ஆகவே பந்தைத் தரையோடு தட்டி, 10 யார்டு மட்டும் துள்ளிப் போகும்படி உதைத்தார்கள். முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு யேல்காரரின் உடம்பில் பட்டுத் தெறித்தது. குவியலுக்கு அடியிலிருந்து பந்தோடு எழுந்தவர் பில் கெல்லி, ஹார்வர்டின் இரண்டாம் ஆண்டு மாணவர். யேலின் 49 யார்டு கோடு. ஹார்வர்டின் பந்து.

டௌலிங் எங்கே இருந்தார்? எல்லைக்கோட்டுக்கு வெளியே, நின்றபடி. அமெரிக்க ஃபுட்பாலில் தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு. பந்து யேல் கைக்கு வந்தால்தான் அவர் உள்ளே வர முடியும். பள்ளியில் தடுப்பாட்டமும் ஆடியவர் அவர். என்னை உள்ளே அனுப்புங்கள் என்று பயிற்சியாளர் கார்ம் கோஸாவிடம் கேட்டார். கோஸா மறுத்தார். பருவம் முழுக்க அந்த இடங்களில் ஆடியவர்களைக் கடைசி நொடியில் வெளியே இழுத்தால் அது அவர்களுக்கு அவமானம் என்று அவர் கருதினார். இந்த மறுப்பைத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. நான் கோஸாவின் பக்கம். ஆட்டத்தில் தோற்பதைவிட, தன் பையன்களைப் பார்த்து உங்களை நம்பவில்லை என்று சொல்வது பெரிய தோல்வி. கோஸா யேலில் 32 ஆண்டுகள் பயிற்சியாளராக நீடித்தார் என்றால் இந்தக் குணமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

சாம்பி இந்த முறை வீச இடம் கிடைக்காமல் தானே 14 யார்டு ஓடினார். அவரைப் பிடித்தவர் தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பற்றி இழுத்துவிட, அபராதம் 15 யார்டு. ஒரே ஓட்டத்தில் 29 யார்டு முன்னேற்றம். பந்து யேலின் 20 யார்டு கோட்டில். 32 நொடி. இரண்டு வீச்சுகள் வீண். மூன்றாவது முறை எல்லோரும் வீச்சை எதிர்பார்த்துப் பின்வாங்கி நிற்க, சாம்பி பந்தைக் கிரிமிடம் கொடுத்தார். நடுவே திறந்த வழியில் அவர் 14 யார்டு ஓடினார். 6 யார்டு கோடு. அடுத்த முயற்சியில் சாம்பியை மடக்கிப் பிடித்து 8-க்குத் தள்ளினார்கள். கடிகாரம் 3 நொடியில் நிறுத்தப்பட்டது.

கடைசி வாய்ப்பு. சாம்பி பின்வாங்குகிறார், ஒரு பக்கம் ஓடுகிறார், வீச ஆள் இல்லை. மறுபக்கம் திரும்புகிறார். இரண்டு மூன்று யேல்காரர்கள் கையெட்டும் தூரத்தில். முன்னால் உள்ளவரிடம் பந்தைத் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் கையை நீட்டி, மனதை மாற்றிக்கொள்கிறார். இதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தொடங்கிய முயற்சி முடியும் வரை நடுவர் ஊதமாட்டார். எண்ட் ஸோன் மூலையில், அத்தனை உயரக்காரர்களுக்கு நடுவே, விக் கேட்டோ தனியாக நின்றார். சாம்பி வீசினார். கேட்டோ பிடித்தார். 29-27.

ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். ஆனால் ஹார்வர்ட் இன்னும் இரண்டு புள்ளி பின்னால். கூட்டத்தை ஒதுக்கி, கோட்டைத் தெளிவாக்கி, இரு அணிகளையும் மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. நேரமே இல்லாத கடிகாரத்துக்குக் கீழே ஒரே ஒரு முயற்சி. வார்னி வாட்டசாட்டமான ஆள். முன்னே போய் உள்பக்கம் வெட்டித் திரும்பினார். முதுகில் யேல்காரர் ஒருவர் தொற்றிக்கொண்டிருந்தார். சாம்பி எறிந்த பந்து நெஞ்சோடு வந்து விழுந்தது. 29-29.

மூன்றரை நிமிடத்துக்கு முன் கைக்குட்டை ஆட்டிய கேலரியில் சத்தம் இல்லை. மற்ற பகுதிகளில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இதற்கு ஆறு நாள் முன்பு, நவம்பர் 17 அன்று, நியூயார்க் ஜெட்ஸ் – ஓக்லண்ட் ரெய்டர்ஸ் தொழில்முறை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை வெட்டிவிட்டு, என்.பி.சி. தொலைக்காட்சி ‘ஹெய்டி’ என்ற குழந்தைகள் படத்தைப் போட்டது. அந்தக் கடைசி நிமிடத்தில்தான் ஓக்லண்ட் இரண்டு டச்டவுன் போட்டு வென்றது. அமெரிக்கர்கள் அந்தக் கோபம் தணியாமல் இருந்த வாரம் அது. கடைசி வரை இருக்கையில் இருப்பதன் அருமையை ஒரே வாரத்தில் இரண்டு முறை அவர்கள் கண்டார்கள்.

இரண்டு அணிகளும் தோல்வியின்றிப் பருவத்தை முடித்தன. எட்டு வெற்றி, ஒரு சமன். ஐவி லீக் பட்டமும் இருவருக்கும் பொது. ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் உடைமாற்றும் அறைகளில் அப்படி இல்லை. ஹார்வர்ட் அறையில் திருவிழா. யேல் அறையில் இழவு வீடு. கோஸாவே இதைத் தோல்வியாகத்தான் உணர்ந்ததாகச் சொன்னார். ஹார்வர்ட் மாணவர் நாளிதழான ‘கிரிம்ஸன்’ போட்ட தலைப்பு, அமெரிக்க விளையாட்டு இதழியலில் மிகப் புகழ்பெற்ற தலைப்புகளில் ஒன்றாகிவிட்டது: ‘ஹார்வர்ட் யேலை வென்றது, 29-29’. எண்களைப் பார்த்தால் பொய். அன்று அந்த அரங்கில் இருந்த எவரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை, யேல்காரர்களும் சொல்லவில்லை.

அதன்பிறகு? கால்வின் ஹில் 1969-ல் தொழில்முறை லீகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வாகி நீண்ட காலம் ஆடினார். கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு கிராண்ட் ஹில்லைத் தெரிந்திருக்கும். அவர் இவருடைய மகன். டௌலிங் தொழில்முறையில் சில ஆட்டங்களே ஆடினார். ஹார்வர்டில் ஐந்தே மாதத்தில், 1969 ஏப்ரலில், போர் எதிர்ப்பு மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான யுனிவர்சிட்டி ஹாலைக் கைப்பற்றினார்கள். மறுநாள் விடியற்காலையில் போலீஸ் உள்ளே புகுந்து அடித்து வெளியேற்ற, வளாகமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. யேல் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் முறையாகப் பெண்களை இளநிலைப் படிப்பில் சேர்த்தது. 1968 நவம்பரில் அந்த அரங்கில் கூடிய பழைய ஹார்வர்ட், பழைய யேல் இரண்டுமே அந்த அளவுக்கு ஒட்டுமொத்தமாக மறுபடி கூடவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

சாம்பியின் கதைதான் என்னை மிகவும் யோசிக்கவைப்பது. ஒரே மதியத்தில் ஹார்வர்டின் வீரநாயகனாகிவிட்டவர். அடுத்த ஆண்டு அணி அவரை நம்பித்தான் பருவத்தைத் தொடங்கியது. இரண்டே ஆட்டங்கள். அதோடு ஃபுட்பாலை விட்டுவிட்டார். காயம் இல்லை, சண்டை இல்லை. அவருக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது என்பதற்காகப் பிடிக்காத ஒன்றைத் தொடர வேண்டியதில்லை என்று இருபது, இருபத்தொரு வயதில் முடிவெடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும். கடைசி மூன்று நொடியில் பந்தைத் தள்ளிவிடப் போய், கையை இழுத்துக்கொண்டு, வேறு வழி தேடிய அதே ஆள் என்று தோன்றுகிறது.

கெவின் ராஃபர்ட்டி என்ற இயக்குநர் இந்த ஆட்டத்தைப் பற்றி 2008-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். ‘கிரிம்ஸன்’ போட்ட தலைப்பையே படத்தின் பெயராக வைத்துக்கொண்டார். பழைய தொலைக்காட்சிப் பதிவும், அறுபதை எட்டிய ஆட்டக்காரர்களின் பேச்சும். வேறு எதுவும் இல்லை. நாற்பது ஆண்டு கழித்தும் ஒவ்வொருவரும் தன் பக்கத்து நொடிகளை வரிசை மாறாமல் சொல்கிறார்கள். நழுவவிட்டவர்கள் நழுவவிட்டதை மறைக்கவில்லை. டாமி லீ ஜோன்ஸும் மற்றவர்களைப் போல ஒரு பழைய ஆட்டக்காரராகவே உட்கார்ந்து பேசுகிறார். வாய்ப்பு கிடைத்தால் பாருங்கள்.

1996-லிருந்து அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சமன் கிடையாது. நான்கு கால்பகுதி முடிந்து புள்ளிகள் சமமாக இருந்தால், ஒருவர் வெல்லும் வரை கூடுதல் ஆட்டம். 1968-ல் அந்த விதி இருந்திருந்தால், களைத்துப்போன தடுப்பாட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும், டௌலிங் கைக்கு மறுபடி பந்து வந்திருக்கும். யார் வென்றிருப்பார் என்று கேட்டால், யேல்தான் என்பேன். ஹார்வர்ட்காரர்களும் தனியாகக் கேட்டால் அதையே சொல்லக்கூடும்.

அடுத்த வாரம் அமெரிக்காவின் மறுகரைக்குப் போகிறோம். 1982 நவம்பர் 20, பெர்க்லி. கலிபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும். மிச்சம் நான்கே நொடி இருக்கும்போது, ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் இசைக்குழு வாத்தியங்களோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

(தொடரும்)